இது வீண் வேலையா?



சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, ஜெபமாலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய பின், நம் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மாள் கோவில் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். அவரிடம் அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம். அவருடைய கணவர் கொத்தனார் வேலை செய்தவர். இறந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய துணிமணிகள் அன்று மடித்து வைத்தபடியே ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. சுண்ணாம்பும் சிமெண்டும் பட்டு வெளுத்த வேலைச் சட்டைகள் ஐந்தாறு, முழங்கால் தேய்ந்த கால்சட்டை ஒன்று, இரண்டு கைலி, ஞாயிறு பூசைக்கென்று தனியாக வைத்திருந்த வெள்ளைச் சட்டையும் வேட்டியும்.

"சாமி, இதையெல்லாம் வெட்டி, என் பழைய சேலைகளோடு சேர்த்து, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு போர்வை தைக்கலாமென்று நினைக்கிறேன். ஆனால் வீட்டில் ஒவ்வொருவரும் ஒன்று சொல்லுகிறார்கள். செத்தவர் துணி வீட்டுக்கு ஆகாது என்கிறார் மாமியார். ஏழைகளுக்குக் கொடுத்தால் புண்ணியமாவது கிடைக்கும் என்கிறார் நாத்தனார். கடையிலே நானூறு ரூபாய்க்குக் கம்பளி கிடைக்கும்போது இரண்டு மாதம் உட்கார்ந்து கந்தலைத் தைப்பாயா என்கிறான் என் தம்பி. நீங்கள் சொல்லுங்கள், சாமி. இது வீண் வேலையா?"

யோசித்துச் சொல்லுகிறேன் என்று அனுப்பிவிட்டேன். எளிய கேள்விதானே, உடனே பதில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். என்னால் ஏன் சொல்ல முடியவில்லை என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

முதலில், இறந்தவர் துணி வீட்டுக்கு ஆகாது என்ற பேச்சு. இது வெறும் பயம். நம் விசுவாசத்தில் இதற்கு இடமில்லை. ஒருவர் உழைத்து வியர்த்த சட்டையில் கேடு எப்படித் தங்கும்? ஆனாலும் அந்த மாமியாரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பெற்ற மகனின் சட்டையைக் கண்ணால் பார்க்கச் சகிக்காத தாய், தன் துக்கத்திற்குச் சாஸ்திரம் என்று பெயர் வைத்திருக்கலாம். அவருக்கு வேண்டியது புத்திமதியல்ல, ஆறுதல்.

இனி, கேள்விக்கு வருவோம். எதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுகிறோம் என்று தெரிந்து பேசவேண்டுமல்லவா? ஆகையால் இந்த ஒட்டுப் போர்வை எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். பழந்துணியைத் துவைத்துக் கஞ்சி போக அலசி உலர்த்துகிறார்கள். பொத்தான்களை எடுத்து, தையலைப் பிரித்து, துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்கள். சட்டையின் கழுத்துப்பட்டையும் முழங்கையும் இற்றுப்போயிருக்கும். முதுகும் பைக்கு அடியில் இருந்த இடமும் கெட்டியாக இருக்கும். கெட்டியானதை எடுத்து, இழை போன போக்கிலே துண்டுகளாக வெட்டுகிறார்கள். பிறகு தரையில் பரப்பி, எதன் பக்கத்தில் எது என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறார்கள். மேலே ஒட்டுத் துண்டுகள், நடுவில் பழஞ்சேலை அல்லது பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. இந்த மூன்றையும் நகராமல் முதலில் தளர்வாக இழையோட்டிக்கொண்டு, பின்பு சிறு சிறு தையலாக வரிசை வரிசையாக நூல் ஓட்டுகிறார்கள். தையல் விலகினால் முதல் சலவையிலேயே உள்துணி சுருண்டு உருண்டைகட்டிவிடும். நம் ஊர் வெக்கைக்கு நடுவில் ஒரு மடிப்புச் சேலையே போதும். கொடைக்கானல் போன்ற மலையூர்களில்தான் பஞ்சு வேண்டும். சுருங்கச் சொன்னால், வேறெதற்கும் உதவாது என்று கழித்ததைக் கொண்டே இந்த வேலை தொடங்குகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

தம்பி சொன்ன கணக்கை முதலில் எடுப்போம். நானூறு ரூபாய்க் கம்பளி ஒரு பக்கம். இரண்டு மாத உழைப்பு மறுபக்கம். குருமடத்தில் ஒழுக்க சாஸ்திரம் படிக்கும்போது எங்களுக்கு ஒரு வேறுபாட்டைக் கற்பித்தார்கள். ஒரு செயலுக்குத் தன்னிலே ஒரு நோக்கம் உண்டு. அதைச் செய்கிறவருக்குத் தமக்கென ஒரு நோக்கம் உண்டு. இரண்டும் ஒன்றாயிருக்கவேண்டும் என்பதில்லை. போர்வை என்ற பொருளின் நோக்கம் குளிரைத் தடுப்பது. அதைக் கடைக் கம்பளி குறைவின்றிச் செய்யும். அந்த மட்டில் தம்பியின் கணக்கு சரி. ஆனால் தைக்கிறவளின் நோக்கம் என்ன? அதைக் கடையில் விலைகொடுத்து வாங்க முடியுமா?

இதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வில்காக்ஸ் மாவட்டத்திலே, ஆறு வளைந்தோடி மூன்று பக்கமும் சூழ்ந்த ஒரு மூலையில், ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கிருந்த பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாயிருந்தவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள் அங்கே வாழ்கிறார்கள். தோட்ட முதலாளியின் பெயராகிய பெட்வே என்பதே அவர்களில் பலருக்கும் குடும்பப் பெயராயிற்று. குத்தகை நிலத்தில் பருத்தி பயிரிட்டுக் கடனில் மூழ்கிய ஏழைகள். 1932-ஆம் ஆண்டில் கடனுக்காக அறுபது குடும்பங்களின் தட்டுமுட்டுச் சாமான், கால்நடை, தானியம் எல்லாம் பறிமுதலாயின. மரப்பலகைச் சுவர்களின் இடுக்கு வழியே குளிர் புகும் வீடுகளில், பெண்கள் கிழிந்த வேலைத் துணிகளையும் சாக்குத் துணியையும் இணைத்துப் போர்வை தைத்தே பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள்.

அவ்வூரில் மிஸ்ஸூரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் பல மாதங்கள் நோயாய்க் கிடந்து இறந்துபோனார். 1942-ஆம் ஆண்டில் அவள் கணவருடைய வயல்வேலைத் துணிகளையெல்லாம் எடுத்துக் கிழித்து ஒரு போர்வை தைத்தாள். அப்போது பதினேழு பதினெட்டு வயதாயிருந்த அவள் மகள் ஆர்லான்சியா, வெகுகாலம் கழித்து அதைப்பற்றிச் சொன்னாள்: அவரை நினைத்துக்கொள்ளவும், அன்பின் பொருட்டு அதனடியில் போர்த்திப் படுத்துக்கொள்ளவுமே அம்மா அதைத் தைத்தாள் என்று. அவ்வூர்ப் பெண்கள் தைத்த இப்படிப்பட்ட போர்வைகளில், சட்டைப்பை இருந்த இடம் வெளுக்காமல் நிறம் கெட்டியாய் நிற்பதையும், முழங்கால் இருந்த இடம் தேய்ந்து வெளுத்திருப்பதையும் இன்றும் காணலாம். உழைத்த ஒரு மனிதனின் உடம்பு எங்கே குனிந்தது, எங்கே மண்டியிட்டது என்று துணியே சொல்லுகிறது.

அந்தப் போர்வை இன்று வாஷிங்டன் நகரத்துத் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஆகையால் அது மதிப்புள்ளது என்று நான் சொல்ல வரவில்லை. கலைக்கூடம் அதை ஏறெடுத்தும் பாராத அறுபது, எழுபது ஆண்டுகளிலும் அதன் மதிப்பு ஒரு துளியும் குறைந்ததில்லை. ஒரு விதவை முதல் நாள் இரவு அதைப் போர்த்திக்கொண்டு கண்மூடினாளே, அப்பொழுதே அது தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. விலை என்பது ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைக்கலாம் என்பதற்கு அடையாளம். பதில் வைக்க முடியாததற்கு விலை ஏது? அந்த அம்மாளின் தம்பி நானூறு ரூபாயைக் கொடுத்து வேறு கம்பளி வாங்கலாம். வேறு அத்தான் வாங்கமுடியுமா?

இரண்டாவது, நாத்தனாரின் சொல். இது கனமான சொல். நம்மை நெருக்கும் சொல். மாற்றுத்துணியில்லாதவன் தெருவிலே இருக்கும்போது, பெட்டியில் துணி வைத்துக்கொண்டு நினைவு கொண்டாடுவது நியாயமா? பெத்தானியாவில் ஆண்டவருடைய பாதத்தில் தைலம் பூசிய பெண்ணைப் பார்த்து, இதை முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாஸ் கேட்டான். கேட்ட கேள்வியில் தவறில்லை. கேட்டவனுடைய மனதில்தான் ஏழைகளில்லை. இங்கேதான், பங்கு மக்களே, என் வாய் அடைத்துப்போனது. ஏன் என்று இப்போது சொல்லுகிறேன்.

பதினேழாம் வயதில் நான் குருமடத்திற்குப் புறப்பட்டபோது, என் தாயார் தம்முடைய சேலைகள் மூன்றையும், இறந்துபோன என் பாட்டியின் சேலை ஒன்றையும் சேர்த்து ஒரு போர்வை தைத்துக் கொடுத்தார். ஒரு மழைக்காலம் முழுவதும், இரவுச் சமையல் முடிந்த பிறகு விளக்கடியில் உட்கார்ந்து தைத்தது அது. குருமடத்தில் மற்றப் பையன்கள் ஆலைக் கம்பளி வைத்திருந்தார்கள். ஒருவன் என் போர்வையைப் பார்த்து, "ஊர்ச் சேலையெல்லாம் இங்கே வந்துவிட்டதா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இரண்டாம் மாதமே வாசலில் இரவுக் காவலிருந்த பெரியவரிடம் அதைக் கொடுத்துவிட்டேன். கொடுத்ததற்குத் தர்மம் என்று பெயர் வைத்தேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது, "போர்வை குளிருக்குப் போதுமா, ஐயா?" என்று அம்மா கேட்டார். "போதும், அம்மா" என்றேன். அம்மா இறந்து பல ஆண்டுகளாகின்றன. இன்றுவரை உண்மையை அவரிடம் சொன்னதில்லை. இனிச் சொல்லவும் வழியில்லை.

ஏழை ஒருவருக்குக் கொடுத்தேன் என்பது உண்மை. அவர் அதைப் பல மழைக்காலம் போர்த்தினார், அது நல்லதே. ஆனால் அவர்மீது கொண்ட அன்பினால் கொடுத்தேனா? இல்லை. என் வெட்கத்தைத் தள்ளிவிட அவர் ஓர் இடமாக அகப்பட்டார், அவ்வளவுதான். ஆகையால் ஏழைக்குக் கொடு என்று யாராவது சொல்லும்போது, முதலில் நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும்: ஏழையை நினைத்துச் சொல்லுகிறோமா, அல்லது நமக்குத் தொந்தரவாயிருப்பதைக் கண்ணுக்கு மறைவாக்கச் சொல்லுகிறோமா?

அப்படியானால் ஏழைக்குக் கொடுக்கவேண்டாமா? கட்டாயம் கொடுக்கவேண்டும். நான் முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இங்கே உதவும். ஒட்டுப் போர்வைக்கு வேண்டியது உடுத்த உதவாத துணி. உடுத்தத் தகுந்த துணி உடம்புக்குரியது. கிழிந்த சட்டையை ஏழைக்குக் கொடுப்பது அவனை மதிப்பதாகாது. நல்ல சட்டையைப் பெட்டியில் பூட்டி வைப்பது நீதியாகாது. நல்லது ஏழைக்கு, கந்தல் போர்வைக்கு. இப்படிப் பிரித்துவிட்டால், நாத்தனார் சொல்லும் நிறைவேறும், அந்த அம்மாளின் ஆசையும் நிறைவேறும். நம்மில் பலர் செய்வது இதற்கு நேர் எதிர் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது கேள்வி ஒன்றை அந்த அம்மாளே தயங்கித் தயங்கிக் கேட்டார். "தைப்பது சரியென்றாலும், சும்மா ஒட்டித் தைத்தால் போதாதா சாமி? நிறம் பார்த்து, கட்டம் பார்த்து, ஓரத்துக்கு என் கல்யாணச் சேலையின் கரையை வைத்து அழகு செய்யலாமா? துக்கத்தில் அலங்காரம் தப்பில்லையா?"

நமது பக்கத்து மாநிலமாகிய கர்நாடகத்தில், வட கன்னட மாவட்டத்துக் காடுகளை அடுத்த ஊர்களில் சித்தி என்ற மக்கள் வாழ்கிறார்கள். இவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். கோவாவில் போர்த்துக்கீசியரிடம் அடிமைகளாயிருந்து தப்பி, காடுகளில் ஒதுங்கியவர்கள் பலர். இவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். நம்மைப்போன்ற கத்தோலிக்கரும் இருக்கிறார்கள். சித்திப் பெண்கள் பழந்துணியைக் கொண்டு தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அடித்துணியாக ஒரு பழஞ்சேலையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் துண்டுகளை மடித்துத் தைத்துக்கொண்டே நடுவை வந்து சேருவார்கள். கத்தோலிக்கப் பெண்கள் தைப்பதில் சிலுவை அமைவதுண்டு. முஸ்லிம் பெண்கள் தைப்பதில் பிறை அமைவதுண்டு. எல்லாம் முடிந்த பின், நான்கு மூலைகளிலும் சிறு முக்கோணத் துணிகளை அடுக்கடுக்காக வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பூ என்று பெயர். இந்தப் பூவினால் குளிர் ஒரு நூலளவும் குறைவதில்லை. ஆயினும், பூ வைக்காத கவந்தி ஆடையில்லாதது என்று அவர்கள் சொல்லுகிறார்கள்.

உடுக்கக் கந்தலன்றி வேறில்லாத மக்கள், அந்தக் கந்தலையும் அம்மணமாக விடக்கூடாது என்று நினைத்தார்கள். இதை ஆடம்பரம் என்பீர்களா? ஆடம்பரமாவது, மற்றவர்கள் நம்மைப் பார்க்கவேண்டுமென்று செய்வது. பூ வைப்பது, போர்த்திக்கொள்கிறவரை நாம் பார்த்திருக்கிறோம் என்று சொல்வது. வெறும் தேவைக்குமேல் ஒரு தையல் அதிகமாகப் போடும்போதுதான், இது கடமைக்காகச் செய்ததல்ல என்று பிள்ளைக்குத் தெரிகிறது. கல்யாணச் சேலையின் கரை அந்தப் போர்வையின் ஓரத்திற்கே உரியது. அப்பாவின் துணியைச் சுற்றி அம்மாவின் கரை; இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

ஆனால் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாவிட்டால் என் கடமையில் தவறினவனாவேன். ஒன்று, அன்பின் வேலை என்று சொல்லிப் பெண்களின் முதுகில் எல்லாவற்றையும் ஏற்றிவிடாதீர்கள். மனைவி நடுஇரவில் தைப்பதைப் புகழ்ந்துகொண்டு, பாத்திரத்தைக்கூடக் கழுவாத கணவனுக்கு இந்தக் கட்டுரை சாட்சி சொல்லாது. இன்னொன்று, விற்பதற்கென்று ஒருவர் தைத்தால் அங்கே முதல் கடமை நீதி. அலபாமாவின் அந்த வட்டாரத்திலேயே, வாக்குரிமை கேட்டதற்காகச் சிலர் வேலையும் வீடும் இழந்திருந்த காலத்தில், 1966-ஆம் ஆண்டில் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் போர்வைகளை விற்று வருமானம் தேடினார்கள். பிற்காலத்தில் அவ்வூர்ப் போர்வைகள் பெரிய நகரங்களில் புகழ்பெற்றபோது, தங்களுக்குச் சேரவேண்டியது சேரவில்லை என்று 2007-ஆம் ஆண்டில் சில பெண்கள் நீதிமன்றம் சென்றார்கள். அடுத்த ஆண்டில் வழக்கு முடிவுக்கு வந்தது. அன்புக்கு விலையில்லை என்பது கொடுக்கிறவள் சொல்லவேண்டிய வார்த்தை. வாங்குகிறவன் அதைச் சொல்லிக் கூலியைக் குறைத்தால் அது திருட்டு.

அப்போஸ்தலர் நடபடி ஆகமத்தில் யோப்பா பட்டணத்துத் தபித்தாளைப்பற்றி வாசிக்கிறோம். அவள் இறந்துபோனாள். அர்ச். இராயப்பர் வந்தபோது, விதவைகள் அவரைச் சூழ்ந்து நின்று அழுதுகொண்டே, அவள் உயிரோடிருக்கையில் தங்களுக்குச் செய்துகொடுத்த உடைகளை எடுத்துக் காட்டினார்களாம். அவள் என்ன பேசினாள், எவ்வளவு கொடுத்தாள் என்று அவர்கள் விவரிக்கவில்லை. துணியை எடுத்துக் காட்டினார்கள், அதுவே போதுமானதாயிருந்தது.

ஆகையால் அந்த அம்மாளை மறுபடி அழைத்து என் பதிலைச் சொன்னேன். பூசைக்குக் கட்டிய வெள்ளைச் சட்டையையும் வேட்டியையும் துவைத்து, தேய்த்து, தேவைப்படும் ஒருவருக்கு அவர் பெயரால் கொடுங்கள். வேலைத் துணிகளைத் தைரியமாக வெட்டுங்கள். அதற்குமுன் பெட்டியை மாமியார் முன்னால் திறந்து வைத்து, முதல் துண்டை அவரையே எடுக்கச் சொல்லுங்கள். இது வீண் வேலையல்ல, அம்மா.

போன வாரம் அந்தத் தெருவில் நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொண்டுபோய்த் திரும்பும்போது அவர்கள் வீட்டு வாசலைக் கடந்தேன். திண்ணையில் மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் துணியை விரித்திருந்தார்கள். கிழவிக்கு ஊசிக்காது தெரிவதில்லை. அதனால் பேரன் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் பத்து ஊசியில் நூல் கோத்து, ஒரு தலையணையில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போகிறானாம். "இது எந்தச் சட்டை தெரியுமா சாமி?" என்று அந்தக் கிழவி ஒரு நீலத்துண்டைத் தொட்டுக் காட்டி, மகன் அதை முதன்முதல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன நாளைச் சொல்லத் தொடங்கினார். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் ஒரு காரியம் கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் பெட்டிக்கடியிலோ பரண்மேலோ யாரோ தைத்த ஒரு பழம்போர்வை இருக்கலாம். தைத்தவர் உயிரோடிருந்தால், இன்று பூசை முடிந்து வீட்டுக்குப் போனதும் அதை விரித்து, எந்தத் துண்டு யாருடைய துணி என்று கேட்டு வையுங்கள். என் போர்வையில் இருந்த நான்கு சேலைகளில் பாட்டியின் சேலை எதுவென்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

உங்கள் பங்குச் சுவாமி